டிஸ்க் பிரிப்பதை ஸ்கிரிப்ட்டிடம் விடுங்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல

திருமங்கலத்தில் ஒரு கம்ப்யூட்டர் லேப். இருபது மெஷினுக்கு விண்டோஸ் 11. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்ட்டிஷன் போட்டால் பொழுது போய்விடும் என்று, பென் டிரைவில் டிஸ்க்பார்ட்டுக்கு (டிஸ்க்கைப் பிரிக்கும் விண்டோஸ் கருவி) ஒரு ஸ்கிரிப்ட் வைத்துக்கொண்டேன்.

உள்ளே இருப்பது சில வரிகள்தான்: செலக்ட் டிஸ்க் 0 (0 எண்ணுள்ள டிஸ்க்கைத் தேர்ந்தெடு), கிளீன் (அதில் இருப்பதையெல்லாம் அழி), கன்வர்ட் ஜிபிடி (ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அமைப்புக்கு மாற்று). அப்புறம் மூன்று பார்ட்டிஷன்கள்: மெஷின் பூட் ஆக இஎஃப்ஐ 300 எம்பி (ஃபேட்32 ஃபார்மட்), விண்டோஸ் தனக்கென ஒதுக்கும் எம்எஸ்ஆர் 16 எம்பி, மீதி விண்டோஸுக்கு என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில். இஎஃப்ஐ-க்கு 100 போதும் என்பார்கள். ஆனால் 4கே செக்டர் டிஸ்க்கில் (4 கேபி துண்டுகளாக எழுதும் டிஸ்க்) 260-க்குக் குறைந்தால் ஃபேட்32 அமையாது. அன்அட்டெண்ட் ஃபைலில் (இன்ஸ்டால் கேட்கும் கேள்விகளுக்கு முன்பே பதில் எழுதிய ஃபைல்) விண்டோஸ்பிஇ என்ற தொடக்கக் கட்டத்தில் ரன்சிங்க்ரனஸ் கட்டளை மூலம் ஸ்கிரிப்ட்டை ஓட்டிவிட்டு, எங்கே இன்ஸ்டால் செய்வது என்று சொல்லும் இன்ஸ்டால்டூ பகுதியில் பார்ட்டிஷன் 3 என்று கொடுத்தால் சரி. அதே ஃபைலில் டிஸ்க் கான்ஃபிகரேஷன் பகுதியும் வேண்டாம், அதுவும் டிஸ்க்கைப் பிரிப்பதுதான், ஒரு வேலைக்கு இரண்டு பேர் எதற்கு?

மூன்றாவது மெஷினில்தான் மாட்டிக்கொண்டேன். அதில் என்விஎம்இ-யோடு (வேகமான எஸ்எஸ்டி வகை) ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. டிஸ்க் 0 என்ற எண் அந்தப் பழைய டிஸ்க்குக்குப் போயிருந்தது. கிளீன் கேள்வி கேட்காது. மாணவர்களின் பிராஜெக்ட் எல்லாம் காலி. தப்பு என்னுடையதுதான். மதுரை திரும்பும் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை.

இப்போது கிளீனுக்கு முன்னால், டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து டீடெய்ல் டிஸ்க் (டிஸ்க்கின் விவரம் காட்டும் கட்டளை) மட்டும் ஓட்டும் தனி ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். டைப் வரியில் என்விஎம்இ என்று இருந்தால் மட்டுமே இவற்றை ஓட்டும் பேட்ச் (batch) ஃபைல் மேலே போகும்; இல்லையென்றால் pause கட்டளை போட்டு அங்கேயே நின்றுவிடும். ஓரிரு மெஷினென்றால் கூடுதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுவதே சுலபம்.