முனை முறிந்த வயலின் வில்லைச் சீர்செய்யும் முறை

வயலின் வில் முறியும்போது பெரும்பாலும் முறிவது நடுத்தண்டு அன்று; குதிரைமயிர் செருகப்பட்டிருக்கும் தலைப்பகுதியே. மரத்தின் ரேகை, அதாவது நார்கள் ஓடும் வரி, தண்டின் நீளவாக்கில் ஓட, தலை அதற்குக் குறுக்காக நிற்பதால், இரண்டும் சேரும் கழுத்தில் ரேகை மிகக் குட்டையாகிவிடுகிறது. வாசிப்பதற்காக முறுக்கிய வில்லில் மயிர் ஏறத்தாழ 6 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் அந்தத் தலையை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் முறிந்த பரப்பில் வெறும் பசையைத் தடவி ஒட்டினால், எவ்வளவு நல்ல பசையானாலும், மறுபடி முறுக்கும்போது விட்டுவிட வாய்ப்பு அதிகம். பிளவைக் குறுக்கே கடந்து செல்லும் ஒரு மரத்தகடு உள்ளே பதிக்கப்பட வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் வில்லின் தகுதியை எடைபோடுங்கள். பயிற்சிக்கான மலிவான வில்லுக்கு மயிர் மாற்றும் செலவே புதிய வில்லின் விலையை எட்டிவிடும். பிரேசிலின் பெர்னாம்புகோ மரத்தில் செய்த வில்லின் கதை வேறு. அம்மரத்தின் பன்னாட்டு வணிகம் 2007 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. பெயர்பெற்ற கைவினைஞரின் பழைய வில் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும், நீங்களே கைவைக்காமல் வில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நடுத்தண்டு முறிந்திருந்தாலும் அதுவே என் பரிந்துரை. நீண்ட சாய்வு இணைப்பால் ஒட்டினாலும் தண்டின் வளைவும் விறைப்பும் மாறிவிடும்.

முதலில் மயிரை வெட்டி நீக்கி, திருகைக் கழற்றி, மயிரின் அடிமுனையைப் பற்றியிருக்கும் பிடியைத் தனியே எடுத்து வையுங்கள். தலையில் மயிர் செருகியிருந்த குழியில் உள்ள சிறிய மர ஆப்பையும் பெயர்த்தெடுங்கள். உதிர்ந்த சிம்புகள் ஒன்றையும் எறியாதீர்கள். முறிந்த பரப்புகளை உப்புத்தாளால் தேய்க்கவோ விரலால் தடவவோ கூடாது. மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் அகற்றி, ஒரே ஒருமுறை பசையின்றிப் பொருத்திப் பாருங்கள். திரும்பத் திரும்பப் பொருத்தினால் நுண்ணிய நார்கள் நசுங்கி, இணைப்பு வெளியே கோடாகத் தெரியும்.

ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எப்பாக்ஸி ஏற்றது. தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை தொடர்ந்த இழுவிசையில் மெல்ல நழுவும். உடனே ஒட்டும் பசையை (சூப்பர் குளூ)த் தொழில்முறையாளர் சிலர் கையாண்டாலும், அது சரிசெய்துகொள்ள அவகாசம் தருவதில்லை. தலையின் வடிவம் இடுக்கிக்கு இடம் கொடாது என்பதால், சைக்கிள் டியூபை மெல்லிய பட்டைகளாக வெட்டி, இடையில் பாலித்தீன் தாள் வைத்து, தலையையும் தண்டையும் சேர்த்துச் சுற்றுங்கள். பக்கவாட்டில் கோணல் இல்லை என்று தண்டின் நேரே பார்த்து உறுதிசெய்துவிட்டு ஒருநாள் முழுவதும் விட்டுவிடுங்கள்.

அடுத்ததுதான் நுட்பமான பகுதி. தலையின் முன்விளிம்பில், நட்டநடுவே, மெல்லிய ரம்பத்தால் சுமார் 1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் அறுக்க வேண்டும். அது பிளவுக்கு இருபுறமும் போதிய நீளம் செல்ல வேண்டும். ஆனால் மயிர்க்குழிக்குள் புகுந்துவிடக் கூடாது. ஆகவே குழியின் ஆழத்தை அளந்து, வெளியே பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே ரம்பத்தை வையுங்கள். அதில் பதிக்கும் தகடு கடின மரத்தில் ஆனதாகவும், அதன் ரேகை பிளவைக் குறுக்கே வெட்டிச் செல்வதாகவும் இருத்தல் அவசியம். ரேகை பிளவுக்கு இணையாக அமைந்தால் தகடு பதித்ததே வீண். பசை இறுகியபின் துருத்தும் பகுதியைக் கூரிய கத்தியால் சீவி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெருகைப் பூசலாம். மரத்தூள் நுரையீரலுக்குக் கேடு; முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

புதிய மயிர் கட்டியபின் முதலில் சிறிதளவே முறுக்கி, சில மணி நேரம் கழித்து இணைப்பை உருப்பெருக்கியால் பாருங்கள். கோடு விரியவில்லையெனில் படிப்படியாக வாசிப்பு அளவுக்குக் கொண்டுவரலாம். சோதிக்கும்போது தலையை முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். ஈரக் காற்றில் நீளும் மயிர் உலர்ந்த காற்றில் சுருங்கும். ஆகவே வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வையுங்கள். மழைக்காலத்தில் முறுக்கிய வில்லைக் குளிரூட்டிய அறைக்குள் அப்படியே கொண்டு சென்றால், சீர்செய்த தலை மட்டுமல்ல, முறியாத தலையும் முறியக்கூடும்.