விமானச் சத்தத்திலிருந்து சில்வண்டைக் கழிப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஒரு ஊரணிக்கரையில் நின்று, மேலே போகிற விமானத்தின் சத்தத்தை அளக்கிறீர்கள். மீட்டர் 52 டெசிபல் காட்டுகிறது. அது முழுக்க விமானமா? இல்லை. சில்வண்டு, தூரத்து பம்புசெட், சாலையில் போகும் பஸ் எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. இந்தப் பின்னணி இரைச்சலைக் கழித்தால்தான் விமானத்தின் பங்கு தெரியும்.

1. இடம். வளவுக்குள் அளக்க வேண்டாம். சுற்றுச்சுவர்களில் பட்டு எதிரொலி வரும். திறந்த பொட்டல் நல்லது. மைக்கைத் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். பெரிய ஜெட் விமானங்களுக்கு இரைச்சல் சான்றிதழ் தரும் சோதனைகளிலும் இதே உயரம்தான். ஸ்பாஞ்சு உறையை மறக்காதீர்கள், இங்கே மாலைக் காற்று மைக்கை ஏமாற்றிவிடும்.

2. பின்னணி. விமானம் வருமுன் அரை நிமிடம், போன பிறகு அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். மீட்டரில் எந்த அமைப்பையும் மாற்றக் கூடாது. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். நடுவில் கோயில் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிட்டால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்.

3. கழித்தல். பின்னணி 46 என்று வைத்துக்கொள்வோம். 52-இல் 46 போனால் 6 என்று போட்டால் தப்பு. டெசிபல் மடக்கைக் (log) கணக்கு. இரண்டையும் 10-ஆல் வகுத்து, 10-இன் அடுக்காக ஏற்றுங்கள். 52-க்குச் சுமார் 1,58,500, 46-க்குச் சுமார் 39,800. வித்தியாசம் 1,18,700. அதற்கு மடக்கை எடுத்து 10-ஆல் பெருக்கினால் 50.7. ஆக, 52-இலிருந்து இறங்கியது 1.3 டெசிபல்தான்.

மனக்கணக்குக்கு: மொத்த அளவுக்கும் பின்னணிக்கும் இடைவெளி 10 என்றால் 0.5 கழியுங்கள், 5 என்றால் 1.7, 3 என்றால் 3. இடைவெளி 15-ஐத் தாண்டினால் விட்டுவிடலாம், 0.1-தான் வரும்.

4. பட்டை பட்டையாக. சரி, இதுதான் முக்கியமான இடம். மொத்த எண்ணை மட்டும் திருத்தினால், எந்தச் சத்தம் எங்கே கலந்தது என்பது தெரியாது. சான்றிதழ்ச் சோதனையில் சத்தத்தை அதிர்வெண் வாரியாக, அதாவது உறுமல் முதல் கீச்சு வரை, 50 முதல் 10,000 ஹெர்ட்ஸுக்குள் 24 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கழிக்கிறார்கள். காரணம், உயரத்திலிருந்து வரும்போது விமானத்தின் கீச்சுச் சத்தத்தைக் காற்றே உறிஞ்சிவிடுகிறது. நமக்கு எட்டுவது பெரும்பாலும் உறுமல்தான். சில்வண்டோ நேர்மாறு, 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கத்தித் தீர்க்கும்.

250 ஹெர்ட்ஸில் விமானத்தோடு 45, பின்னணி 37 என்றால் திருத்திய அளவு 44.3, நம்பலாம். 4,000 ஹெர்ட்ஸில் 44.5-உம் 44-உம் என்றால்? சூத்திரம் ஏதோ ஒரு எண்ணைத் தரத்தான் செய்யும், ஆனால் பின்னணி துளி ஏறி இறங்கினாலும் அது தலைகீழாகும். என்னைக் கேட்டால், அந்த எண்ணை எழுதாமலிருப்பதே நேர்மை.

5. எங்கே நிறுத்துவது. இடைவெளி 3 டெசிபலோ அதற்கும் குறைவோ இருக்கும் பட்டையில் 'மறைந்தது' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சான்றிதழ்ச் சோதனையில் அப்படி மறைந்த பட்டைகளை மற்ற பட்டைகளை வைத்து மதிப்பிட்டு நிரப்ப தனி முறை உண்டு. நமக்கு அது வேண்டாம். சில்வண்டு அடங்கிய நேரமாகப் பார்த்து மறுபடி அளந்தால் போதும்.