எல்லா ஊருக்கும் ஒரே வினாத்தாளா? சூழல் கல்வித் திட்டத்தை அளப்பது எப்படி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல் கிராமங்களில் ஒன்றான வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளையிடம் "யானை நமது நண்பன்: சரியா, பிழையா?" என்று கேட்டுவிட்டு, "பிழை" என்று எழுதியதற்குப் புள்ளி வெட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. முதல்நாள் இரவு வேளாண்மைக்குள் யானை இறங்கிய வீட்டுப் பிள்ளை வேறென்ன எழுதும்? கடலோர முஸ்லிம் நகரமான காத்தான்குடிப் பிள்ளை யோசிக்காமல் "சரி" போடும். அது யானையைக் கண்டது படத்தில். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு, அங்கே திட்டம் வென்றது, படுவான்கரையில் தோற்றது என்று எழுதினால் அறிக்கை அழகாக இருக்கும். உண்மை இருக்காது.

ஊரை ஊரோடு ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு ஊரையும், திட்டம் வருமுன் இருந்த அதே ஊரோடு ஒப்பிடுங்கள். அப்படியென்றால் பாடம் தொடங்குமுன்னரே ஒருமுறை போய் அளந்திருக்க வேண்டும். பாடம் இன்னும் போய்ச்சேராத பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றையும் அளந்து வைத்தால், வேறு வழியில் வந்த மாற்றத்தை உங்கள் கணக்கில் போடமாட்டீர்கள்.

1977 இல் திபிலிசியில் நடந்த மாநாடு சூழல் கல்விக்கு ஐந்து நோக்கங்களை வகுத்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு. நம் வினாத்தாள்கள் பெரும்பாலும் இரண்டாவதிலேயே படுத்துவிடுகின்றன. திறனைப் பார்க்க வேண்டுமென்றால் பிள்ளைகளை வாவிக்கரைக்குக் கூட்டிப்போங்கள். "கண்டலின் (அலையாத்தி மரங்களின்) பயன்கள் மூன்று தருக" என்பதற்கு ஒன்றுமே எழுதாத வாகரைப் பொடியன் ஒருவன், தில்லை மரத்தைத் தூரத்திலேயே கண்டு, "பால் கண்ணுல பட்டாப் பார்வ போயிரும் ரீச்சர், கிறுகி வாங்க" என்று என்னைத் திருப்பிவிட்டான். அது திட்டம் கொடுத்த அறிவல்ல, அவன் வீட்டுத் தோணி கொடுத்தது. முன்னளவீட்டில் அதைப் பதியாவிட்டால், பிறகு திட்டம் அதைத் தன் சாதனையாக எழுதிக்கொள்ளும்.

நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை நம்பவே வேண்டாம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்த கண்டல் நடுகையை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நடும் அன்று எல்லா இடத்திலும் படம் எடுத்திருப்பார்கள்! மாரி முடிந்து, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி, வாவி வடிந்த பிறகு போய் எண்ணுங்கள். எத்தனை நிற்கிறது என்பதோடு, மாடு மேயாமல் வேலி கட்டியது யார் என்றும் கேளுங்கள். பங்கேற்பு அந்தப் பதிலில்தான் தெரியும்.

குப்பை விஷயத்தில் இன்னும் கவனம். "பிரித்துப் போடுகிறீர்களா?" என்ற கேள்வி, நகரசபை உழவு இயந்திரம் வாசலுக்கு வரும் தெருவில் ஒரு பொருள், வண்டியே வராத படுவான்கரைக் கிராமத்தில் இன்னொரு பொருள். அங்கே எரிப்பதும் புதைப்பதும் அறியாமையால் அல்ல, வழியில்லாததால். அந்த வீட்டுக்குக் கைக்கெட்டியது எது என்று முதலில் பட்டியல் போடுங்கள். அதில் எது மாறியது என்று மட்டும் பாருங்கள்.

கேட்கிறவர் யார் என்பதும் பதிலை மாற்றும். பாடம் சொன்னவரே கேட்டால் பிள்ளைகள் மனம் நோகாதபடி பதில் தரும். நம் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள். காத்தான்குடியில் தாய்மாரிடம் பேசப் பெண்ணை அனுப்புங்கள். சிங்களம் பேசும் உகனயில் மொழிபெயர்ப்பாளரை நடுவில் நிறுத்தாமல் சிங்கள மொழிமூல ஆசிரியர் ஒருவரையே கேட்கச் சொல்லுங்கள். நோன்பு மாதம், வைகாசிச் சடங்கு, அறுவடை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அறிக்கையை நிதி தந்தவருக்கு அனுப்புமுன் ஊரில் வாசித்துக் காட்டுங்கள். கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், மாதர் சங்கம், எங்கே கூட்டம் சேருமோ அங்கே. யாராவது "இது பிழை" என்று எழும்பினால், அந்த மறுப்பையும் அவர் சொன்னபடியே பின்னிணைப்பில் போடுங்கள்.