தோட்டத்து வீட்டிலிருந்து வரும் தொலைபேசிக் கோலைக் குறைந்த செலவில் பெறுதல்

துபாயில் வேலை செய்பவர், இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளான ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ உள்ள வீட்டார் 00971 என்று அழுத்தி நேரடியாக அழைத்து ரீலோட் செய்த பணத்தைக் கரைக்காதபடி, இருபக்கமும் டேட்டா வழியாகப் பேச ஏற்பாடு செய்ய வேண்டும். துபாயில் வட்ஸ்அப் குரல் அழைப்பு பொதுவாக இயங்காது என்பதால், அனுமதிக்கப்பட்ட போட்டிம் (BOTIM) அழைப்புச் செயலியை விடுமுறையில் வரும்போதே அம்மாவின் கைபேசியிலும் நிறுவிக் கொடுத்து, ஒருமுறை எதிரில் இருந்தே எடுக்கப் பழக்கிவிடுங்கள். இலங்கை சிம்மை ரோமிங்கில் வைத்துப் பேசினால் உள்வரும் அழைப்புக்கும் உங்களிடமே கட்டணம் அறவிடப்படும். அதை வங்கிக் குறுஞ்செய்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீட்டுக்குள்) சிக்னல் விட்டுவிட்டு வந்தால் வீடியோவை அணைத்துக் குரலில் மட்டும் பேசுவதே நல்லது. முகம் பார்க்காமல் அம்மாக்கள் விடமாட்டார்கள் என்பது வேறு விடயம். துபாய் நேரம் இலங்கையைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்தங்கியது. பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வீடு திரும்பி, சமையலை முடித்து இரவு 7.30க்கு அவர்கள் அழைத்தால், உங்களுக்கு மாலை 6 மணி.