முதுகு டாங்கியால் மருந்தடிக்கும்போது உடம்பைக் காப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கு

மருந்தடிக்கிற பலர் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, சாறத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வெறுங்கையால் போத்தலைத் திறக்கிறார்கள். வயலில் நஞ்சு உடம்புக்குள் போவது பெரும்பாலும் தோல் வழியாகத்தான். அதிலும் ஆபத்துக் கூடிய நேரம், தண்ணீர் கலக்காத மருந்தை அளந்து ஊற்றும் அந்த இரண்டு நிமிடம். அடுத்த ஆபத்து, ஒழுகும் டாங்கி முதுகை நனைப்பது. அதனால் கவனத்தை முதலில் அங்கே வையுங்கள்.

1. வெறும் தண்ணீரில் டாங்கியைச் சோதியுங்கள்

மருந்தைத் தொடுவதற்கு முதல் நாளே இதைச் செய்யலாம். 16 லீற்றர் டாங்கியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, காற்றடித்து, கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். மூடியின் இறப்பர் வளையம், குழாய் டாங்கியில் பொருந்தும் இடம், கைப்பிடி மூட்டு, நொசில் (மருந்து தெளிக்கும் முனை) ஆகிய நான்கு இடங்களிலும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் வோஷரை மாற்ற வேண்டும். துணி சுற்றிச் சமாளித்தால் அந்தத் துணி மருந்தை ஊறவைத்து உங்கள் இடுப்போடு ஒட்டி வைத்திருக்கும், அவ்வளவுதான்.

டாங்கியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடியையும் பாருங்கள். வரம்பில் குனியும்போது கழுத்தில் வழிவது அங்கிருந்துதான்.

நொசில் அடைபட்டால் வாயால் ஊதவே கூடாது. கம்பியாலும் குத்தாதீர்கள்: துளை பெரிதானால் மருந்து கூடுதலாகப் போகும். பழைய பல்துலக்கியும் தண்ணீரும் போதும்.

2. உங்கள் நடைக்கு எத்தனை டாங்கி என்று கணக்குப் பாருங்கள்

ஆளுக்கு ஆள் நடை வேகம் வேறு. அதனால் அயலவர் சொன்ன “டாங்கிக்கு இரண்டு மூடி” உங்களுக்குப் பொருந்தாது. வயலில் 10 மீற்றருக்கு 10 மீற்றர் அளந்து கம்பு நடுங்கள். நொசிலால் தண்ணீர் வரும்வரை அடித்துக் குழாயை நிரப்பி, பிறகு டாங்கி காலியானதும் 5 லீற்றர் தண்ணீர் விடுங்கள். வழக்கமான நடையில் அந்தத் துண்டை அடித்து முடித்து, மீதியை அளங்கள். 1 லீற்றர் மிஞ்சினால் செலவானது 4. ஓர் ஏக்கர் ஏறத்தாழ இப்படி 40 துண்டு. ஆகவே ஏக்கருக்கு 160 லீற்றர், அதாவது 10 டாங்கி. லேபலில் ஏக்கருக்கு 500 மில்லிலீற்றர் என்று இருந்தால், ஒரு டாங்கிக்கு 50. லேபல் ஹெக்டயருக்குச் சொன்னால் அளவை 2.5 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக ஊற்றினால் பூச்சி கூடுதலாகச் சாகாது, பயிர் கருகும், நீங்கள் தாங்கும் நஞ்சுதான் கூடும். சந்தேகம் இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

3. உடுப்பு

முழுக்கை சேட், கணுக்கால் வரை நீண்ட காற்சட்டை, அகல விளிம்புத் தொப்பி, கண்ணாடி. கையுறை நைட்ரைல் (ஒரு வகைச் செயற்கை இறப்பர்) வகையாக இருக்கட்டும். துணி, தோல் கையுறைகள் மருந்தை உறிஞ்சி, வெறுங்கையை விட மோசமாக்கும். நெற்பயிரைப் போலக் கீழ்நோக்கி அடிக்கும்போது கையுறையைச் சேட்டுக் கைக்கு உள்ளே விடுங்கள். காற்சட்டை சப்பாத்துக்கு வெளியே வர வேண்டும். உள்ளே செருகினால் வழிவது எல்லாம் காலுக்குள் இறங்கும்.

சேற்றில் சப்பாத்துப் புதையும், உண்மைதான். போட முடியாதென்றால் நீண்ட காற்சட்டையை மட்டும் விடாதீர்கள். ஒவ்வொரு டாங்கி முடியவும் காலைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். முகத்தில் கட்டிய துணி நனைந்துவிட்டால் அது மருந்து ஒத்தடம். உடனே கழற்றுங்கள், எந்த வகை முகமூடி வேண்டும் என்பதை லேபல் சொல்லும்.

4. கலப்பது

கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் கலக்காதீர்கள். நம் திருகோணமலையில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். சிந்தினது நேரே குடிதண்ணீருக்கு இறங்கும். தண்ணீரை வாளியில் தள்ளிக் கொண்டுபோங்கள். முதலில் டாங்கியில் பாதித் தண்ணீர், பிறகு அளவுக் குவளையில் அளந்த மருந்து, பிறகு மீதித் தண்ணீர். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, போத்தலை முகத்துக்குக் கீழே வைத்துத் திறவுங்கள்.

போத்தல் முடிந்தால் கால்வாசித் தண்ணீர் விட்டு, மூடி, அரை நிமிடம் குலுக்கி டாங்கியில் ஊற்றுங்கள். மூன்று தடவை. பிறகு அடியில் துளையிடுங்கள், இல்லையென்றால் யாரோ அதில் மண்ணெண்ணெய் வாங்கப் போவார்கள். எரிக்கவும் கூடாது.

5. அடிக்கும் நேரமும் திசையும்

சிறுபோகத்தில் நம் பக்கத்தில் கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வீசும் காய்ந்த காற்று) எழும்பிவிட்டால் மருந்து பயிரில் நிற்காது, அடுத்த வயலுக்கும் வீட்டு முற்றத்துக்கும் போகும். விடிந்ததும் தொடங்கி, காற்று ஏறுமுன் நிறுத்துங்கள். வெயிலுக்கு முன் முடித்தால் உடுப்பின் சூடும் தாங்கும்.

காற்றுப் போய்ச் சேரும் ஓரத்தில் தொடங்கி, காற்று வரும் பக்கமாக வரிசை வரிசையாக நகருங்கள். காற்று விலாவில் படும்படி நடங்கள். இப்படி நடந்தால் அடித்த பயிருக்குள் நீங்கள் மறுபடி கால் வைக்கமாட்டீர்கள். நிரம்பிய டாங்கி 20 கிலோ வரும், வரம்பில் வழுக்கினால் மருந்தும் உங்கள் மேல்தான். புதியவர் முக்கால் டாங்கியோடு தொடங்கலாம்.

இடையில் வெற்றிலையும் பீடியும் வேண்டாம். கையைச் சவுக்காரத்தால் கழுவிய பிறகு மட்டும் தண்ணீர் குடியுங்கள்.

மருந்தடித்த வயலின் நீரை உடனே வடியவிடாதீர்கள். தம்பலகாமம் வயல்களின் வடிநீர் தம்பலகாமக் குடாவுக்குப் போகிறது, அங்கே மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

6. முடிந்த பிறகு

கையுறையைக் கழற்றுமுன் கழுவுங்கள். டாங்கி கழுவிய நீரை அடித்த வயலுக்குள்ளேயே அடித்துவிடுங்கள். உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் தோயுங்கள். தோய்ப்பவரும் கையுறை போடட்டும். உடனே குளியுங்கள்.

7. உடம்புக்கு முடியாமல் போனால்

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், வாயில் எச்சில் ஊறுதல், கண் மங்குதல், தசை துடித்தல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல். சில பூச்சிநாசினிகளின் அடையாளங்கள் இவை. முதல் சிலது வெயிலாலும் வரும், ஆனால் “வெயில்தான்” என்று மரநிழலில் படுக்கவைத்துக் காத்திருக்க வேண்டாம். உடுப்பைக் கழற்றி, சவுக்காரமும் நிறையத் தண்ணீரும் விட்டு உடம்பைக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் தண்ணீர் ஓடவிடுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலும் கொடுக்காதீர்கள். மயக்கமென்றால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவையுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். போகும்போது போத்தலை லேபலோடு கொண்டுபோங்கள்: எந்த மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியர் சரியான முறிமருந்தைத் தொடங்கலாம்.