கோபத்தில் கொப்பி கிழிக்கும் பிள்ளைக்கு

வெள்ளவத்தையில் தரம் 5 படிப்பிக்கிறேன். புலமைப்பரிசில் பரீட்சை வருஷம், பிள்ளைகளுக்கு நெருக்கடி அதிகம். கணக்கு பிழைத்தால் ஒருவன் கொப்பியைக் கிழிப்பான், இன்னொருத்தி அழிறப்பரை எறிவாள். "அமைதியா இரு" என்பதால் எதுவும் மாறாது. தன்னை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்கிறது. பத்து வயதில் அதைப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள் எழுத வைத்தேன்: என்ன செய்யப் போறன்? எங்க தடக்குது? அடுத்தமுறை எப்படிச் செய்வன்? கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மன் சொன்ன திட்டமிடல், செய்தல், மீள்நோக்கல் என்ற சுற்றை ஒட்டியதுதான் இது.

கோபம் வந்தால் பேனையை வைத்துவிட்டு யன்னலடிக்குப் போய் ஆறுதலாக மூச்சுவிட்டு வரலாம். என்னிடம் கேட்கத் தேவையில்லை. இதுதான் முக்கியம், அனுமதி கேட்க வைத்தால் கட்டுப்பாடு திரும்பவும் ஆசிரியர் கைக்கே வந்துவிடும்.

தொடக்கத்தில் யன்னலடியில் ஒரே கூட்டம், காலி வீதி பஸ் பார்க்க. தடுக்கவில்லை, புதினம் தீர்ந்ததும் தேவையானவர்கள் மட்டும் போனார்கள். கொப்பி கிழித்தவன் இப்போது, "பெருக்கலில் மிச்சத்தைக் கூட்ட மறந்திட்டன்" என்று தானே எழுதிவிட்டு அதே கணக்கைத் திரும்பச் செய்கிறான். பெற்றோரிடமும் சொல்லியிருக்கிறேன்: புள்ளியைக் கேட்க முதல் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ.