இரண்டாம் முறை டயட்: எடை ஏன் அங்கேயே நிற்கிறது?

பொங்கல் முடிந்த கையோடு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் கூட்டம் கூடிவிடும். அதில் பாதிப் பேருக்கு இது முதல் முயற்சியாக இருக்காது. போன தடவை எட்டு கிலோ, பத்து கிலோ குறைத்தவர்கள். ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், ஓர் இடமாற்றம் என்று ஏதோ ஒன்றில் விட்டுவிட்டு, போனதெல்லாம் திரும்பி வந்து நிற்பவர்கள். மூன்றாவது வாரம் இவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அதே டயட்தான் இருக்கேன். போன தடவை சரசரன்னு இறங்குச்சு, இப்ப அசையவே மாட்டேங்குது."

போன தடவை இறங்கியது என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும். இரண்டும் சேர்த்து ஏறக்குறைய அரை கிலோ. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் இட்லியையும் திடீரென்று பாதியாக்கினால் இந்தச் சேமிப்பு கரையும், கூடவே தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் காணாமல் போன இரண்டு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான். இந்தத் தடவை நிதானமாக, சோற்றை அடியோடு விடாமல் ஆரம்பித்தவருக்கு அந்தத் தண்ணீர்க் கணக்கு கிடைக்காது. கொழுப்பு ஒழுங்காகக் குறைந்துகொண்டிருக்கும், அவரோ தேங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பழைய டைரியில் இருக்கும் முதல் மாத எடையோடு இப்போதையதை ஒப்பிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால், போன தடவை மூன்றாம் மாதத்தில் என்ன வேகத்தில் இறங்கியது என்று பாருங்கள்.

அடுத்தது, பழைய டயட் சார்ட்டைத் தேடி எடுத்து ஒட்டுவது. அந்தச் சார்ட் எழுதப்பட்டபோது உங்களுக்கு வேறு வயது, வேறு வேலை, வேறு அளவு தசை. உடற்பயிற்சி இல்லாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்கள் கொழுப்போடு தசையையும் கொஞ்சம் இழக்கிறார்கள். எடை திரும்பி வரும்போது கொழுப்பு முழுசாக வந்துவிடுகிறது, தசை அப்படி வருவதில்லை. மெஷின் அதே 82 கிலோ காட்டினாலும், உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி முன்பைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அமெரிக்காவில் எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அப்படியும் அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி அளவு குறைவாகவே செலவழித்தது. அவர்கள் செய்தது அசுரத்தனமான டயட். நம்மில் பலருக்கு அவ்வளவு மோசமாக ஆகாது. ஆனால் திசை அதுதான்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைக்கலாம். ஒரு கிலோ எடை குறைந்தால் உடம்பின் தினசரித் தேவையும் ஏறக்குறைய 24 கலோரி குறைகிறது. பத்து கிலோ குறைத்தவருக்குத் தேவை 240 கலோரி இறங்கியிருக்கும். தொடக்கத்தில் நாளுக்கு 240 கலோரி குறைத்துச் சாப்பிட்டே இறங்கியவர், அந்த இடத்தில் கட்டாயம் நின்றுவிடுவார். யாருடைய குற்றமும் இல்லை, வரவும் செலவும் சமமாகிவிட்டது.

இன்னும் குறைத்தால் சரியாகிவிடுமா?

எடை நின்றதும் வரும் முதல் யோசனை இது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்துவது, வெறும் கொள்ளுக் கஞ்சியில் நாளை ஓட்டுவது, எலுமிச்சைத் தண்ணீரில் தேன். இரண்டாம் முறை டயட் இருப்பவர்களிடம்தான் இந்த அவசரம் அதிகம். "போன தடவை விட்டுட்டேன், இந்தத் தடவை விடக்கூடாது" என்ற வைராக்கியம். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து 24 வாரம் அரைப்பட்டினிச் சோதனை நடத்தினார். எடை குறையக் குறைய அவர்களுடைய உடம்பில் நீர் கோத்துக்கொண்டது, கணுக்கால் வீங்கியது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பிலேயே கிடந்தார்கள். கடும் டயட்டில் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைத்து, குறைந்த கொழுப்பை மெஷினிலிருந்து மறைத்துவிட முடியும் என்பதற்கு இது பழைய சாட்சி. வேகமாக எடை குறைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

குறைப்பதற்கு முன் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு: புரதம். எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் கிலோவுக்கு நாளுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலே இருந்தால் தசை தப்பும், பசியும் அடங்கும் (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது). நம் சாப்பாட்டில் அது சுலபமாக வருவதில்லை. மூன்று இட்லியில் ஆறு கிராம் தேறினால் அதிகம். நூறு கிராம் மீனில் இருபது கிராம் கிடைக்கும்; கடலூர் முதுநகரிலோ தேங்காய்த்திட்டிலோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்துக்கொண்டு புரதப் பவுடர் டப்பா வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். குழம்பில் போடுங்கள், வறுவலானால் எண்ணெய்க் கணக்கு தனியாக வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை.

கண் அளவு பொய் சொல்லும்

1992இல் வெளியான ஓர் ஆய்வு, எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டது. அவர்கள் உண்மையில் சாப்பிட்டதில் 47 சதவீதத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. நமக்கும் அப்படித்தான். முதல் முறை டயட் இருந்தபோது கிண்ணம் வைத்து அளந்தவர், இரண்டாம் முறை "எனக்குத்தான் தெரியுமே" என்று கண்ணால் அளப்பார். அரைக் கிண்ணச் சோறு ஒரே மாதத்தில் முக்கால் கிண்ணமாகிவிடும், அவருக்கே தெரியாமல்.

எண்ணெயைத் தட்டில் அளக்க முடியாது. மாதச் சாமான் கணக்கில் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் போகிறதென்றால், ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது கிராம், 270 கலோரி. அதை இரண்டு லிட்டராக்கினாலே ஒரு கரண்டி சோற்றையும் தொடாமல் நாளுக்கு 135 கலோரி மிச்சம். தோசைக்கல்லில் சுற்றி ஊற்றுவது, சட்னிக்குத் தாளிப்பது, அப்பளம் பொரிப்பது எல்லாம் இதில் அடங்கிவிடும். தேங்காய்ச் சட்னியும் லேசுப்பட்டதல்ல.

அப்புறம் முந்திரி. பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் வீட்டில் டப்பா காலியாகவே ஆகாது. நல்ல கொழுப்பு என்று படித்துவிட்டு டி.வி. முன்னால் ஒரு கைப்பிடி: முப்பது கிராம், 170 கலோரி. சர்க்கரை போட்ட பால் டீ நாளைக்கு நாலு குடித்தால், ஒரு வேளை டிபன் அதிலேயே போய்விட்டது.

சோற்றுக்குப் பதில் சிறுதானியம் என்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. வேகவைக்காத அரிசி நூறு கிராம் 350 கலோரிக்குப் பக்கம். கம்பு, சாமை, வரகு எல்லாம் 330, 350 என்று அதே அக்கம்பக்கம்தான். நார்ச்சத்து கூடுதல், வயிறு நிறையும், சர்க்கரை மெல்ல ஏறும், எல்லாம் உண்மை. ஆனால் வரகரிசி என்பதற்காக இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை குறையாது.

சனி, ஞாயிறு தனிக்கதை. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 400 கலோரி குறைத்தால் மொத்தம் 2000. சனிக்கிழமை ராத்திரி ஒரு குவார்ட்டர் அடித்தால் மதுவில் மட்டும் 400 கலோரிக்கு மேல். கூட வரும் மிக்சரும் சில்லி சிக்கனும் அதை ஆயிரமாக்கும். ஞாயிறு மதியம் பிரியாணி இன்னோர் ஆயிரம் கூட்டும். ஐந்து நாள் சேர்த்தது இரண்டு நாளில் கழிந்தது. புதுச்சேரியில் விலை குறைவு என்பது பர்ஸுக்குத்தான் லாபம்.

நடைக்குப் பிறகு சாப்பிடுவதும் இந்த வகைதான். கடற்கரைச் சாலையில் முனையிலிருந்து முனைவரை போய்த் திரும்பினால் சுமார் மூன்று கிலோமீட்டர். எழுபது கிலோ ஆளுக்கு 150 கலோரி செலவு. முடித்துவிட்டு ஒரு மெதுவடை, ஒரு டீ என்றால் கணக்கு நேர். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் பஜ்ஜி என்றால் கடன். நடப்பதை விடச் சொல்லவில்லை. குறைத்த எடையைத் தக்கவைப்பதில் நடைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் குறைக்கும் வேலையைத் தட்டுதான் செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் நடைக்குப் பதிலாகப் பளு தூக்கும் பயிற்சி செய்தால் தசைக்கு நல்லது. ஆரம்பித்த புதிதில் தசை தண்ணீரைப் பிடிப்பதால் ஒரு கிலோ ஏறியதுபோலக் காட்டும்; பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

எடை மெஷினில் தினமும் ஏறி இறங்கி மனம் நொந்துபோவதும் வேண்டாம். முதல் நாள் கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், மலச்சிக்கல், மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள்: எதுவானாலும் ஒன்று, ஒன்றரை கிலோவை ஏற்றிக் காட்டும். தினமும் பார்ப்பதானால் காலையில் வெறும் வயிற்றில் பார்த்து வாரச் சராசரியை எடுங்கள். பெண்கள் இந்த மாதத்து எடையைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. இடுப்பையும் டேப்பால் அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது இந்தியர்களுக்கான வரம்பு. நாலு வாரச் சராசரியும் அசையவில்லை, இடுப்பும் அசையவில்லை என்றால்தான் அது உண்மையான தேக்கம். பத்து நாள் நின்றதற்குப் பெயர் தேக்கமில்லை.

நெய்வேலியில் ஷிப்ட் பார்ப்பவர்கள் தூக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2010இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில் ஒரே அளவு குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்கள், இரவில் ஐந்தரை மணி நேரம் மட்டும் படுக்க விடப்பட்டபோது, எட்டரை மணி நேரம் படுத்தபோது கரைந்த கொழுப்பில் பாதிகூடக் கரையவில்லை. எடை அதே அளவுதான் குறைந்தது, போனது தசை.

மருந்து விஷயம் கடைசியில் வந்தாலும் முதலிலேயே கவனிக்க வேண்டியது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு டயட்டை மறுபடி ஆரம்பிப்பவர்களுக்குச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடலாம். ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இதே மருந்துகளும் ஸ்டீராய்டும் எடை ஏற்றக்கூடியவை. தானாக நிறுத்திவிடாமல், மாற்று உண்டா என்று கேளுங்கள். தைராய்டு ஒருமுறை பார்த்துவிடலாம். ஆனால் தைராய்டு குறைவால் மட்டும் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான். இருபது கிலோவுக்கும் அதன்மேல் பழி போட முடியாது.

உண்மையான தேக்கம்தான் என்று தெரிந்தால், முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்காமல் அளந்து எழுதுங்கள். பலருக்கு அதிலேயே ஓட்டை தெரிந்துவிடும். தெரியாவிட்டால் எண்ணெயிலும் டீச் சர்க்கரையிலும் சேர்த்து 150 கலோரி குறையுங்கள், புரதம் போதுகிறதா என்று பாருங்கள், மறுபடி நாலு வாரம் காத்திருங்கள். நடுவில் மாசி மகமோ தங்கை கல்யாணமோ வந்தால், அந்த மாதம் குறைக்கப் பார்க்காமல் இருக்கிற எடையை ஏறவிடாமல் வைத்துக்கொண்டால் போதும். போன தடவை பலர் விட்ட இடம் அதுதான்.